சுழி என்னும் சொல்

ஆற்றில் நீர் சுழன்றால் சுழி. தலையில் மயிர் சுழன்றாலும் சுழியே. ணகரத்திற்கு மூன்று, னகரத்திற்கு இரண்டு. காவிரி வலமாகச் சுழித்ததால் கும்பகோணத்தருகே ஓரூர் திருவலஞ்சுழி ஆயிற்று என்பர். ஈழத்திலோ தந்திரக்காரன் ‘சுழியன்’! மாட்டிற்குச் சுழி பார்த்து விலையைக் குறைப்போரும், இரட்டைச் சுழிப் பிள்ளைக்கு இரண்டு திருமணம் என்போரும் இச்சொல்லின்மேல் தலைவிதியை ஏற்றிவிட்டனர். அக்காரணம் பற்றியே, பாடநூலின் ‘சுழியம்’ வேண்டா, ‘பூஜ்யம்’ போதும் என்பாருடன் நாம் உடன்படோம். பூஜ்யம் என்பதற்கு வணங்கத்தக்கது என்றும் பொருளுண்டு. ஆனால் அச்சொல்லில் வடிவம் இல்லை. சுழியம் என்கையில், சிறுவன் பலகையில் சுழித்தெழுதும் அவ்வுருவே செவியிலும் விழுகிறது.