மசாஜ் கரையேறிய கதை

ஒகேனக்கல்லில் அருவியை நோக்கி நடக்கிறவர்களிடம், பரிசல்காரருக்கு அடுத்தபடியாகப் பேச்சுக் கொடுப்பவர் எண்ணெய் பாட்டிலோடு நிற்பவர்தான். "மசாஜ் பண்ணிக்கிறீங்களா சார்?" ஊர்ப் பெயர் கன்னடம், புகையும் கல் என்று அர்த்தம். கேட்கிறவர் பேசுவது தமிழ். நடுவில் வரும் அந்த மசாஜ் மட்டும் பிரெஞ்சு!

பிரெஞ்சிலிருந்து ஆங்கிலம் வாங்கிய சொற்களில் பல நம் வீடு வரை வந்துவிட்டன. கல்யாண பஃபே, கையில் கொடுக்கும் பொக்கே, ஏன், பஸ் டிப்போகூட அந்த வழியாக வந்ததுதான். மசாஜ் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது 1870களில். பிரெஞ்சுக்காரர்களுக்கு அது எங்கே கிடைத்தது? தொடுவதைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து என்பது ஒரு கட்சி. மாவு பிசைவதைச் சொல்லும் போர்ச்சுகீசியச் சொல்லை, பிரெஞ்சுக்காரர்கள் இந்தியாவில் இருந்தபோது பிடித்துக்கொண்டார்கள் என்பது இன்னொரு கட்சி. எண்ணெய் வழியும் முதுகை உள்ளங்கையால் அழுத்தி உருட்டுவதைப் பாறையோரம் நின்று பார்த்தவர்கள், மாவுக் கட்சிக்குத்தான் ஓட்டுப் போடுவார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. மசாஜ் வருவதற்கு முன் இந்த வேலைக்கு ஆங்கிலேயர் வைத்திருந்த பெயர் ஷாம்பு! 'அமுக்கு' என்று பொருள்படும் இந்திச் சொல்லிலிருந்து வந்தது அது. பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகமது, 1810களில் இங்கிலாந்தின் பிரைட்டன் கடற்கரைக்குப் போய்க் குளியல் நிலையம் நடத்தினார். உடம்பு பிடித்துவிடுவதற்கு அங்கே ஷாம்பு என்றுதான் பெயர். மன்னர் நான்காம் ஜார்ஜுக்கே அவர் பிடித்துவிட்டிருக்கிறார். பிறகு மசாஜ் வந்து உடம்பை எடுத்துக்கொள்ள, ஷாம்பு தலைக்கு ஏறிவிட்டது. இன்று பெட்டிக்கடைகளில் பாக்கெட் பாக்கெட்டாகத் தொங்குகிறது.

நகரங்களில் மசாஜ் என்றாலே சிலர் முகம் சுளிப்பார்கள். பின்னால் பார்லர் சேர்ந்துவிட்டால் (அதுவும் பிரெஞ்சு வழிதான், 'பேசும் அறை') கேட்கவே வேண்டாம். ஒகேனக்கல்லில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. வெட்டவெளிப் பாறை, சுற்றிலும் குடும்பம் குடும்பமாக ஜனம், தாத்தா குப்புறப் படுத்திருக்கப் பக்கத்திலேயே பேரன். எண்ணெய் தேய்க்கிறவர்களுக்கு அது சோறு போடும் சொல். ஆனால் காவிரியில் நீர்வரத்து கூடிவிட்டால், குளிக்கவும் பரிசல் ஓட்டவும் மாவட்ட நிர்வாகம் தடை போட்டுவிடும். குளிக்க ஆள் வராத ஊரில் யாருக்கு எண்ணெய் தேய்ப்பது? தடை எத்தனை நாளோ, அத்தனை நாளும் அவர்களுக்குக் கையில் காசு கிடையாது.