தென்சென்னையில் வாடகை வீடும் போக்குவரத்தும்: நிலைப்பாட்டு அறிக்கை

சென்னையில் வாடகை வீடு தேடுகிறவர் முதலில் புரட்ட வேண்டியது அட்வான்ஸ் பணம். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நெடுநாள் வழக்கம்; இப்போது ஐந்தாறு மாதத்துக்கு இறங்கிவரும் உரிமையாளர்களும் உண்டு. மாதம் 20,000 ரூபாய் வாடகையுள்ள வீட்டுக்குப் பத்து மாத முன்பணம் 2 லட்சம் ரூபாய். தரகருக்கு ஒரு மாத வாடகையும் முதல் மாத வாடகையும் சேர்ந்தால், சாமான் ஏற்றிவரும் வண்டிக்கூலியைக் கணக்கில் எடுக்கும் முன்பே 2,40,000 ரூபாய் ஆகிவிடுகிறது. மதுரையிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ முதல் வேலைக்கு வருகிற ஒருவர் இதைக் கடன் வாங்காமல் கட்டுவது அரிது. கட்ட முடியாதவர் தாம்பரத்துக்கு அப்பாலோ கேளம்பாக்கம் பக்கமோ வீடு பார்க்கிறார். வேலை தியாகராய நகரிலேயே இருக்கிறது. முன்பணத்தில் மிச்சமானது, நாளும் மூன்று மணி நேரப் பயணமாக அவரிடமிருந்து எடுக்கப்படுகிறது. வாடகையையும் வழிப்பயணத்தையும் ஒரே செலவாகக் கருதிச் சட்டமும் திட்டமும் வகுக்கப்பட வேண்டும் என்பதே இவ்வறிக்கையை வெளியிடும் அமைப்பின் நிலைப்பாடு.

முன்பணத்துக்கு வரம்பு கேட்பது புதிய கோரிக்கை இல்லை. 1960ஆம் ஆண்டின் தமிழ்நாடு கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்குவதையே தடுத்தது. அந்தச் சட்டம் நடைமுறையில் இருந்த காலத்திலேதான் பத்து மாத வழக்கமும் வேரூன்றியது. வீடு கிடைத்தால் போதும் என்றிருப்பவர் வழக்குப் போடமாட்டார் என்பதை இரு தரப்பும் அறிந்திருந்தன. அச்சட்டத்துக்கு மாற்றாக வந்த 2017ஆம் ஆண்டின் நில உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறுவது சட்டவிரோதம் என்று அதன் 11ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் இருவரும் வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் இந்த வரம்பு பொருந்தாது என்ற விலக்கும் அதே வாக்கியத்தின் தொடக்கத்திலேயே உள்ளது. ஒப்பந்தத்தை எழுதுபவர் பெரும்பாலும் வீட்டு உரிமையாளர். அவர் பத்து மாதம் என்று எழுதுகிறார், வீடு வேண்டியவர் கையெழுத்திடுகிறார், வரம்பு காணாமல் போகிறது. ஒன்றிய அரசு 2021இல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புகளுக்கு இரண்டு மாத வரம்பை வைத்தது. தமிழ்நாடு அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், 11ஆம் பிரிவிலுள்ள விலக்கை நீக்கி மூன்று மாதத்தை உறுதியான வரம்பாக்க வேண்டும். மேற்சொன்ன வீட்டுக்கு அப்போது தொடக்கச் செலவு 1 லட்சம் ரூபாயில் முடியும். குடும்பத்தின் நகையை அடகு வைக்காமல் பலர் நகரத்துக்குள் குடிவர இந்த ஒரு திருத்தமே வழிசெய்யும்.

உரிமையாளரின் அச்சத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். வாடகை பாக்கி வைத்துவிட்டு வீட்டைக் காலி செய்யாமல் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்துக்கு இழுப்பார்கள் என்பதே பெரிய முன்பணத்துக்கு அவர்கள் சொல்லும் காரணம். பழைய சட்டத்தின் கீழ் அந்த அச்சத்துக்கு அடிப்படை இருந்தது. ஓய்வூதியத்தோடு ஒரு வீட்டு வாடகையை நம்பி வாழும் முதியவர்கள் மந்தைவெளியிலும் மேற்கு மாம்பலத்திலும் ஏராளம். புதிய சட்டம் வாடகை அதிகார அமைப்பு, வாடகை நீதிமன்றம், வாடகைத் தீர்ப்பாயம் என்ற மூன்று படிகளை ஏற்படுத்தியது இந்தத் தாமதத்தைத் தீர்க்கத்தான். அவை விரைந்து முடிவு சொன்னால் முன்பணத்தைப் பிடித்துவைக்க வேண்டிய தேவையே குறையும். ஆகவே வரம்பைக் கடுமையாக்குவதும் வாடகை நீதிமன்றங்களுக்குப் போதிய அலுவலர்களைக் கொடுப்பதும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

காலி செய்யும் நாளில் இன்னொரு சிக்கல் தொடங்குகிறது. நிலுவையைக் கழித்துக்கொண்டு ஒரு மாதத்துக்குள் முன்பணத்தைத் திருப்பித்தர வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில், அடுத்த குடித்தனக்காரர் வந்து அட்வான்ஸ் கொடுத்தால்தான் பணம் கிடைக்கும் என்ற பதிலே பலருக்கும் கிடைக்கிறது. பெயிண்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதும் எழுதப்படாத விதியாகிவிட்டது. இரண்டாண்டு குடியிருந்த வீட்டின் சுவர் மங்குவது இயல்பான தேய்மானம். அதற்குக் குடியிருந்தவர் பொறுப்பாகமாட்டார். உடைத்த பொருளுக்கும் கட்டாத மின்கட்டணத்துக்கும் ரசீதுடன் கழிக்கலாம். மற்ற கழிவுகளை இவ்வமைப்பு ஏற்கவில்லை. குடிவரும் நாளிலேயே சுவர், குழாய், கதவு ஆகியவற்றைப் படமெடுத்து இருவரும் வைத்துக்கொள்வது பிற்காலச் சண்டையைத் தவிர்க்கும்.

பதினொரு மாத ஒப்பந்தம் என்ற பழக்கம் 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்திலிருந்து பிறந்தது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்வது கட்டாயம் என்பதால் ஒரு மாதத்தைக் குறைத்து எழுதினார்கள். 2017 சட்டம் இந்த ஓட்டையை அடைத்துவிட்டது. எத்தனை மாத ஒப்பந்தமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிவாக வேண்டும். இணையம் வழியாகவே பதிவு செய்யவும் ஏற்பாடு உண்டு. ஆயினும் முத்திரைத்தாளில் எழுதி அலமாரியில் வைப்பதோடு நின்றுவிடும் ஒப்பந்தங்கள் நிறைய. வாய்ப்பேச்சாகவே ஓடும் குடித்தனங்களும் உண்டு. இதனால் அதிகம் இழப்பவர் வெளியூரிலிருந்து வந்தவர். எரிவாயு இணைப்பு, ஆதார் முகவரி மாற்றம், குடும்ப அட்டை எல்லாவற்றுக்கும் முகவரிச் சான்று வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளில் ஒதுக்கப்படும் 25 சதவீத இடங்களுக்கு விண்ணப்பிக்கவும் வீடு பள்ளிக்கு அருகில் இருப்பதைக் காட்ட வேண்டும். வாடகையை மட்டும் வாங்கிக்கொண்டு ஒப்பந்தம் தர மறுக்கும் ஓர் உரிமையாளர், அந்தக் குடும்பத்துக் குழந்தையின் பள்ளி இடத்தையும் மறுத்துவிடுகிறார். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும் உரிமையாளருக்குச் சொத்து வரியில் சிறு தள்ளுபடி தருவது மாநகராட்சிக்குப் பெரிய இழப்பாக இராது. தண்டனையைவிட அது நல்ல பலன் தரும்.

மின்கட்டணமும் இதோடு சேர்ந்ததே. வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்ற சலுகை 2016 முதல் உள்ளது. பல போர்ஷன்களாகப் பிரித்த வீடுகளில் ஒரே இணைப்புக்கு சப்-மீட்டர் வைத்து, முதல் யூனிட்டிலிருந்தே ஒரே விலை வசூலிக்கிறார்கள். அரசு தரும் சலுகை குடியிருப்பவரைச் சேரவில்லை என்றால் வாடகை மறைமுகமாக உயர்ந்துள்ளது என்றே பொருள்.

பணமும் ஆவணமும் தயாராக இருந்தும் வீடு கிடைக்காதவர்கள் உண்டு. "எந்த ஊர், என்ன ஆளுங்க?" என்ற கேள்வி தொலைபேசியிலேயே வந்துவிடுகிறது. மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றியுள்ள தெருக்களில் "சைவம் மட்டும்" என்ற பலகை பல நேரங்களில் சாதியைச் சொல்லாமல் சொல்லும் வழி. பேச்சிலர் இல்லை, தனியாக வாழும் பெண் இல்லை, முஸ்லிம் இல்லை என்று நேரடியாகவே மறுப்பவர்களும் இருக்கிறார்கள். தீண்டாமையை எந்த வடிவிலும் அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. ஆனால் 2017 வாடகைச் சட்டத்தில் சாதி, மதம், மணநிலை காரணமாக வீடு மறுப்பதற்கு எதிராக ஒரு வரியும் இல்லை. உரிமையாளர் தாமே குடியிருக்கும் வீட்டின் ஓர் அறையை வாடகைக்கு விடும்போது சமையல் பற்றிப் பேசிக்கொள்வதில் குறை காண்பதற்கில்லை. தனிக் கதவும் தனிச் சமையலறையும் உள்ள அடுக்ககத்துக்கு அதே நிபந்தனையைப் போடுவதை ஏற்க முடியாது. வாடகை கட்டும் வசதியும் வீட்டை ஒழுங்காக வைத்திருக்கும் உறுதியும் தவிர வேறெதையும் கேட்கலாகாது என்று சட்டம் சொல்ல வேண்டும். தரகர்களும் வீட்டு விளம்பரத் தளங்களும் அதற்குக் கட்டுப்பட வேண்டும்.

தனியாக வருகிறவர்களுக்கு இந்நகரம் முன்பு வேறு இடங்களை வைத்திருந்தது. மயிலாப்பூரின் நீண்ட வீடுகளில் ஒண்டுக் குடித்தனங்கள் இருந்தன. திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் ஒரு கட்டிலும் ஒரு கொடியுமாக ஒருவர் மாத வாடகைக்குத் தங்கலாம். வசதி குறைவு என்றாலும், பெரிய முன்பணம் இல்லாமல் நகரத்தின் நடுவில் காலூன்ற அவை இடம் கொடுத்தன. அந்தப் பழைய வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்ககங்களாக எழுந்தபோது சிறிய, மலிவான இடங்கள் மறைந்தன. அந்த இடத்தைப் பெண்களுக்கு ஓரளவு நிரப்புவது அரசின் தோழி விடுதிகள். அடையாறிலும் ஒன்று உண்டு. தனியார் விடுதிகள் 2014ஆம் ஆண்டின் பெண்கள், குழந்தைகள் விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி உரிமம் பெற்றிருக்க வேண்டும். சேருகிறவர் அதைக் கேட்டுப் பார்ப்பது நல்லது. தோழி போன்ற ஏற்பாடு ஆண்களுக்கும் தேவை. தியாகராய நகர்க் கடைகளில் வேலை செய்யும் தென்மாவட்ட இளைஞர்கள் முதலாளி தரும் அறையையே நம்பியிருக்கிறார்கள். வேலையை விட்டால் அன்றிரவே தங்குமிடமும் போய்விடும் நிலையில் ஒருவர் சம்பளத்தைப் பற்றித் துணிந்து பேச முடியாது.

எல்லாரையும்விட அவசரமாக வீடு தேடுகிறவர்கள் நோயாளிகளின் குடும்பத்தினர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாறில் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனைக்குத் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் மக்கள் வருகிறார்கள். கதிர்வீச்சு சிகிச்சை பல வாரங்கள் தொடர்ந்து நடக்கும். வேதிச் சிகிச்சைக்கு மாதக்கணக்கில் வந்துபோக வேண்டும். லாட்ஜ் வாடகை கட்டுப்படியாகாது. வீட்டு உரிமையாளரோ பதினொரு மாத ஒப்பந்தமும் பத்து மாத முன்பணமும் கேட்பார். நோயின் பெயரைக் கேட்டதும் கதவை மூடுபவரும் உண்டு. புற்றுநோய் தொற்றாது. காந்தி நகர், இந்திரா நகர் பகுதிகளில் காலியாகக் கிடக்கும் அரசுக் குடியிருப்புகள் இருந்தால் அவற்றை முதலில் இவர்களுக்கு ஒதுக்க வேண்டும். வாரக் கணக்கில், முன்பணமில்லாமல், சமைத்துக்கொள்ள ஓர் அடுப்புடன் கூடிய தங்குமிடம் மருத்துவமனையிலிருந்து நடக்கும் தூரத்தில் வேண்டும் என்பதை இவ்வமைப்பு மற்ற கோரிக்கைகளுக்கு முன்னால் வைக்கிறது.

புதிதாக வருகிறவருக்குத் தெரியாமல் போகும் இன்னொரு செய்தி தண்ணீர். தியாகராய நகர் 1920களில் ஒரு நீண்ட ஏரியைத் தூர்த்து உருவாக்கப்பட்ட பகுதி; 2021 நவம்பர் மழையில் அதன் தெருக்கள் நாட்கணக்கில் நீரில் நின்றதில் வியப்பில்லை. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் வீடுகளுக்குள் புகுந்தது. 2019 கோடையில் அதே நகரம் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றது. தரைத்தள வீட்டில் எந்த ஆண்டு எவ்வளவு உயரம் நீர் வந்தது, சம்ப்பில் மெட்ரோ நீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்பவற்றை ஒப்பந்தத்திலேயே எழுதித்தருவது உரிமையாளரின் கடமையாக்கப்பட வேண்டும்.

போக்குவரத்தில் தென்சென்னைக்கு வாய்ப்புகள் குறைவில்லை, அவை ஒன்றோடொன்று சேராததே குறை. கடற்கரை–தாம்பரம் மின்ரயில் 1931 முதல் ஓடுகிறது. மாம்பலமும் சைதாப்பேட்டையும் கிண்டியும் அதில் உள்ளன. பறக்கும் ரயில் 1997இல் திருமயிலையையும் 2004இல் திருவான்மியூரையும் 2007இல் வேளச்சேரியையும் அடைந்தது. மெட்ரோவின் முதல் கட்டம் சைதாப்பேட்டை, நந்தனம், தேனாம்பேட்டை வழியே செல்கிறது. இரண்டாம் கட்டத்தில் கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி தடமும் மாதவரம்–சிறுசேரி தடமும் திருமயிலையில் சந்திக்க உள்ளன. அந்தப் பணிகள் முடியும்வரை மயிலாப்பூரில் வீடு பார்ப்பவர், அடைக்கப்பட்ட சாலைகளையும் சுற்றிப் போகும் பேருந்துகளையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பறக்கும் ரயிலின் கட்டணம் குறைவு, நெரிசலும் குறைவு. இருந்தும் பலர் அதைத் தவிர்க்கிறார்கள். மந்தைவெளியிலும் கஸ்தூர்பா நகரிலும் அகலமான, ஆளரவமற்ற நிலையக் கூடங்களை இரவில் கடக்கப் பெண்கள் தயங்குவதே முக்கியக் காரணம். விளக்கு, காவலர், ரயில் நேரத்துக்குப் பொருந்தும் சிற்றுந்து ஆகிய மூன்றும் கிடைத்தால், புதிய தடம் எதுவும் போடாமலேயே பல ஆயிரம் வீடுகள் வேலையிடங்களுக்கு நெருங்கிவிடும். மாம்பலம் நிலையத்தையும் தியாகராய நகர்ப் பேருந்து நிலையத்தையும் இணைத்து 2023 மே மாதம் திறக்கப்பட்ட நடைமேம்பாலம் இதற்கு நல்ல முன்மாதிரி.

பேருந்தைப் பொறுத்தவரை, சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை. வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் போகும் பெண்ணுக்கு இதனால் வீடு தேடும் வட்டமே விரிந்தது. பெரம்பூரிலிருந்து மயிலாப்பூர், அடையாறு வழியாகப் பெசன்ட் நகர் செல்லும் 29சி போன்ற தடங்கள் நகரத்தின் வடக்கையும் தெற்கையும் ஒரே டிக்கெட்டில் இணைக்கின்றன. இவற்றில் சாதாரணப் பேருந்துகளின் எண்ணிக்கை குறையக்கூடாது. 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் முனையத்தில் தென்மாவட்டப் பேருந்துகள் நின்றுவிடுவதால், விடியற்காலையில் மூட்டை முடிச்சுகளோடு இறங்குகிறவருக்கு அடையாறு செல்ல இன்னும் 30 கிலோமீட்டர் அளவுக்குப் பயணம் மீதி இருக்கிறது. நள்ளிரவு முதல் காலை ஐந்து மணி வரை அங்கிருந்து தியாகராய நகருக்கும் திருவான்மியூருக்கும் இடைவிடாமல் நகரப் பேருந்து ஓட வேண்டும்.

அந்நேரத்தில் பேருந்து இல்லாதபோது மிஞ்சுவது ஆட்டோ. அரசு 2013 ஆகஸ்டில் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்பின் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய் என நிர்ணயித்தது. பத்தாண்டுக்கு மேலாக எரிபொருள் விலை ஏறியும் அந்தக் கட்டணம் திருத்தப்படாமல் கிடந்ததால் மீட்டர் ஓட்டுநருக்கு நட்டக் கணக்கானது. ஊருக்குப் புதியவர் பேரம் தெரியாமல் இரட்டிப்பாகக் கொடுக்கிறார். எரிபொருள் விலையோடு இணைத்து ஆண்டுதோறும் ஆட்டோக் கட்டணத்தைத் திருத்தும் பொறுப்பைச் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்திடம் ஒப்படைக்க வேண்டும். திருத்திய கட்டணப் பலகை கிளாம்பாக்கம், எழும்பூர், மாம்பலம் நிலைய வாசல்களில் தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும்.