பாவாடைத் திறப்பும் சங்கத்தின் பொறுப்பும்

துணியை நெய்து கொடுப்பதோடு நெசவாளர் சங்கத்தின் வேலை முடிந்துவிடுகிறது என்று எண்ணியிருந்த காலம் ஒன்று உண்டு. இன்று சில சங்கங்கள் தாம் நெய்த துணியைத் தாமே தைத்து ஆயத்த உடைகளாக விற்கவும் முற்பட்டுள்ளன. வரவேற்க வேண்டிய முயற்சியே. ஆனால் தறியிலிருந்து இறங்கும் துணிக்கு நாம் காட்டும் கவனத்தில் கால் பங்கைக்கூட, அது உடையாக மாறிய பின்னர் காட்டுவதில்லை. நூலின் எண் என்ன, பாவின் அடர்த்தி என்ன, சாயம் நிற்குமா என்று துருவித் துருவிக் கேட்கும் நிர்வாகக் குழு, அதே துணியில் தைத்த பாவாடை இடுப்பில் எவ்வாறு நிற்கிறது என்று கேட்பதில்லை. இதெல்லாம் ஒரு விஷயமா என்று பலரும் நினைப்பர். நாமும் அவ்வாறே நினைத்திருந்தோம். அதன் பலனைப் பிறர் அனுபவிக்க நேர்ந்ததால் இதை எழுதுகிறோம்.

நாம் மேற்பார்வை செய்யும் சரகத்தில் உள்ள ஒரு சங்கம், விற்பனையாகாமல் தங்கிய கட்டம் போட்ட பருத்தித் துணியைச் சிறுமியர் பாவாடைகளாகத் தைத்து விற்கலாயிற்று. நெசவாளர் வீட்டுப் பெண்களே தைத்தனர். தொடக்கத்தில் இடுப்புப் பட்டியில் பொத்தானும் காஜாவும் வைத்தார்கள். காஜா எடுப்பதற்கென்று தனிக் கூலி உண்டு. கணக்கைப் பார்த்த நாம், காஜாக் கூலி தவிர்க்கத்தக்க செலவு என்றும், கொக்கி வைத்துத் தைத்தாலே போதும் என்றும் தணிக்கைக் குறிப்பில் எழுதி வைத்தோம். சங்கத்தார் பணிவுள்ளவர்கள். காஜா நின்றது, சந்தையில் மிக மலிவாகக் கிடைத்த இரும்புக் கொக்கிகள் வந்தன.

அடுத்த மழைக்காலம் முடிந்து நாம் அங்கே சென்றபோது, விற்பனை நிலையத்தின் மூலையில் திரும்பி வந்த பாவாடைகள் மூட்டையாகக் கிடந்தன. பிரித்துப் பார்த்தோம். கொக்கி இருந்த இடத்தில் துருக்கறை. சிலவற்றில் கொக்கி நிமிர்ந்து வளையத்தை விட்டிருந்தது. இன்னும் சிலவற்றில் கொக்கி அசையாமல் நிற்க, அதைச் சுற்றியிருந்த துணி கிழிந்திருந்தது. திறப்பின் அடிமுனையில் தொடங்கிய கிழிசல் ஒரு சாண் நீளம் ஓடிய பாவாடையும் ஒன்று இருந்தது. துணி மட்டும் எங்கும் சாயம் போகவில்லை. கணக்குப் புத்தகத்தைத் திருப்பினால், திரும்பி வந்த பாவாடைகளின் நஷ்டம் தைத்த பெண்களின் கூலியில் பிடித்தம் செய்யப்பட்டிருந்தது. அவர்களில் மூத்தவர் ஒருவர் ஒரு பாவாடையை நம் முன் விரித்து, “ஐயா, தையல் எங்கேயாவது பிரிஞ்சிருக்கா, நீங்களே பாருங்க. கொக்கியை நாங்களா வாங்கினோம்?” என்று கேட்டார். நம்மிடம் பதில் இல்லை. கொக்கி வாங்கச் சொன்ன குறிப்பின் கீழ் இருந்தது நமது கையெழுத்து.

பாவாடைக்குத் திறப்பு எதற்கு என்பதிலிருந்து தொடங்கலாம். எட்டு வயதுச் சிறுமியின் இடுப்புச் சுற்று 22 அங்குலமும், அதன் கீழ் அகன்ற பகுதியின் சுற்று 26 அங்குலமும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 22 அங்குலப் பட்டி 26 அங்குலத்தைத் தாண்டி மேலே ஏற வேண்டும். பட்டியிலிருந்து கீழ்நோக்கி 5 அங்குலம் பிளந்தால் இரு புறமும் விரிந்து வாய் 10 அங்குலம் வரை அகலும். உடுத்தவும் களையவும் இது தாராளம். உடுத்திய பின் அந்தப் பிளவை மூட வேண்டும். மூடும் பொருளின் மேல் இழுப்பு எப்போதும் பக்கவாட்டிலேயே விழுகிறது. குழந்தை குனிந்தாலும், தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாலும், வயிறு நிறைய உண்டாலும் இழுப்பு கூடுகிறது. அவ்வளவையும் ஒரே ஒரு மெல்லிய கம்பியின் மேல் சுமத்தினால் கம்பி வளையும், அல்லது துணி கிழியும்.

நம் வீடுகளில் நெடுநாளாக இருந்து வருவது நாடா. (தறிக்காரர்களுக்கு நாடா என்றதும் ஊடையைச் சுமந்து ஓடும் நாடாதான் நினைவுக்கு வரும், இங்கே நாம் சொல்வது பாவாடை நாடாவை.) அதன் பெருமையை மறுப்பதற்கில்லை. இடுப்பு பெருத்தாலும் சிறுத்தாலும் இணங்கும், அறுந்தால் வேறு நாடா கோத்துக்கொள்ளலாம், விலையும் அற்பம். ஆயினும் அதற்கு இரண்டு குற்றங்கள் உண்டு. முடிச்சு ஈரத்தில் இறுகிவிடும். சென்ற ஆண்டு ஒரு நெசவாளர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பாஸ் புத்தகத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, பள்ளியிலிருந்து வந்த அவர் பேத்தி ஒரு செம்பு நீரை மூச்சுவிடாமல் குடித்தாள். பாட்டியம்மாள் சொன்னார்: “பள்ளிக்கூடத்துல பொழுதன்னிக்கும் தண்ணியே குடிக்காது, ஐயா. நாடா முடிச்சு விழுந்துட்டா அவுக்கத் தெரியாதாம்.” மூன்றாம் வகுப்புக் குழந்தை, தன் பாவாடையைத் தானே அவிழ்க்க முடியாத காரணத்தால் பகல் முழுதும் தாகத்தோடு இருக்கிறது. இதை அக்குழந்தை ஒரு குறையாகவும் சொல்லவில்லை. பாவாடை என்றால் அப்படித்தான் என்று எண்ணியிருக்கிறது.

மற்றொரு குற்றம், நாடா தன் இறுக்கம் முழுவதையும் ஒரு கயிற்றின் அகலத்தில் செலுத்துவது. நாற்று நடும் பெண்களும் களை எடுக்கும் பெண்களும் நாள் முழுதும் குனிந்து, வியர்வையோடும் சேற்று நீரோடும் வேலை செய்கிறவர்கள். அவர்களின் இடுப்பில் உள்பாவாடை நாடாவின் தடம் கறுத்துத் தழும்பாக நிற்பது எல்லோரும் அறிந்ததே. 2024-இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில், வார்தாவையும் பீகாரையும் சேர்ந்த மருத்துவர்கள் இரு முதிய பெண்களின் நிலையை எழுதியிருந்தனர். பல்லாண்டுகள் இடுப்பில் இறுகக் கட்டியதன் உராய்வால் தோல் புண்ணாகி, அது ஆறாமல் நின்று புற்றாக மாறியிருந்தது. இத்தகைய நிலை மிக அரிது. யாரும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் ஆறாத இடுப்புப் புண்ணை அலட்சியம் செய்தல் ஆகாது. அகன்ற பட்டி இழுப்பைப் பரப்பி ஏற்கும். ஒடுங்கிய நாடா ஒரே கோட்டில் அறுக்கும். கோணிக்கு நெல் அளந்து சுமக்கிறவர்களுக்கு, தலைச்சும்மாடு எதற்கு என்று நாம் விளக்க வேண்டியதில்லை.

கடையில் கிடைக்கும் மற்றவை என்ன? பிரஸ் பட்டன் பார்வைக்கு அழகு; பக்கவாட்டு இழுப்புக்கு நில்லாது. ஒட்டுப்பட்டை என்பது, 1941-இல் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஒருவர் தம் நாயின் மயிரில் ஒட்டிய முட்காய்களைக் கண்டு எண்ணத் தொடங்கியதன் விளைவு. வரப்பில் நடந்து நாயுருவி ஒட்டிய வேட்டியோடு வீடு திரும்பும் நம் உழவர்களுக்கு அந்தத் தத்துவம் புதிதல்ல. ஆனால் பருத்தித் துணியின் பஞ்சு அதன் பற்களில் ஏறி அடைத்துக்கொள்ளும். நாளடைவில் பிடிப்புப் போய்விடும்.

ஜிப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் அதன் கதையில் பாவாடைத் திறப்புக்கு இடம் உண்டு. சிகாகோவைச் சேர்ந்த விட்கோம்ப் ஜட்சன் என்பவர் 1893-இல் காலணிகளை மூடுவதற்கென்று கொக்கிகளின் வரிசையை ஓர் இழுப்பானால் பூட்டும் ஏற்பாட்டுக்குக் காப்புரிமை பெற்றார். 1905-ஐ ஒட்டி, அவருடைய கம்பெனி அதைச் சீர்படுத்தி, முக்கியமாகப் பெண்களின் பாவாடைத் திறப்புக்கென்று விற்றது. வாங்கியவர்கள் படாத பாடு பட்டனர். குனிந்தால் திறந்துகொண்டது, துருப்பிடிக்கும் என்பதால் துவைக்கும் முன் பிரித்தெடுத்துப் பின்னர் மறுபடி தைக்க வேண்டியிருந்தது. அந்தக் கம்பெனிக்கு வந்து சேர்ந்த கிடியோன் சண்ட்பேக் என்ற ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் கொக்கிகளையே விட்டுவிட்டு, ஒன்றினுள் ஒன்று பொருந்தும் பற்களை 1913-இல் அமைத்த பிறகே அப்பொருள் உருப்பட்டது. கொக்கியைத் திருத்தித் திருத்திப் பார்த்தும் பயனில்லை என்று கண்டு, இழுப்பு எங்கே விழுகிறது என்று முதலிலிருந்து எண்ணியதே அவருடைய சாமர்த்தியம். இன்றைய ஜிப் நல்ல பொருளே. எனினும் ஒரு பல் போனால் முழுவதும் போயிற்று. வீட்டில் ஊசிநூல் கொண்டு அதைச் சரிசெய்ய முடியாது. தைப்பவர் கை சற்றே பிசகினாலும் கைத்தறித் துணி சுருங்கிச் சுருங்கி அலைபோல் நிற்கும். கிராமத்துச் சிறுமியின் பாவாடைக்கு அது ஏற்றதல்ல என்பது நமது அபிப்பிராயம்.

ஆகவே அப்பெண்களோடு அமர்ந்து, நாம் வேண்டாம் என்று எழுதிய பொத்தானுக்கே திரும்பினோம். இம்முறை சற்று யோசித்து அமைத்தோம். இடுப்புப் பட்டியின் அகலம் 2 அங்குலம், துணி இரு மடிப்பு. திறப்பை முதுகுப்புறம் வைக்காமல், பக்கவாட்டில் சற்றே முன் தள்ளி, குழந்தை தன் கண்ணால் பார்த்துக் கையால் திறக்கும் இடத்தில் வைத்தோம். பட்டி முனையில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு காஜாக்கள். இழுப்பை இரண்டும் பகிர்ந்துகொள்ளும். காஜாவைக் கிடைவாட்டில் எடுப்பது அவசியம். நெடுவாட்டில் எடுத்தால், பக்கவாட்டு இழுப்பு துளையின் வாயைத் திறந்துவிடப் பொத்தான் நழுவும். கிடைவாட்டில் பொத்தான் துளையின் கடைசிவரை சென்று அங்கே தங்கிவிடும். எதிர்ப்பட்டியில் பொத்தான்கள் இரு வரிசை, ஒன்றரை அங்குல இடைவெளியில். இவ்வாண்டு உள்வரிசையில் பூட்டும் குழந்தை அடுத்த ஆண்டு வெளிவரிசைக்கு வரும். பிளவின் அடியில் அகலமான அடிப்பட்டி மறைத்துக்கொள்வதால், அங்கே வேறு பூட்டு வேண்டியதில்லை. பிளவின் கடைமுனையில் அதே துணியின் சிறு துண்டொன்றை உட்புறம் வைத்து இரட்டைத் தையல் போட்டாயிற்று. முன்பு கிழிசல் தொடங்கியது அங்கேதான்.

பொத்தான் தைக்கும்போது துணிக்கும் பொத்தானுக்கும் இடையே ஒரு தீக்குச்சியை வைத்துத் தைத்து, பின் குச்சியை உருவிவிட்டு, அந்தத் தளர்ந்த நூலைச் சுற்றி நூலையே நாலைந்து சுற்றுச் சுற்றி முடிய வேண்டும். இரண்டு மடிப்புத் துணி உட்கார அப்போதுதான் இடம் கிடைக்கும். இதை நமக்குச் சொல்லிக் கொடுத்தவர் கொக்கியைப் பற்றிக் கேட்ட அதே மூதாட்டியார். வெட்டுவதற்கு முன் துணியை ஓரிரவு நீரில் ஊறவைத்து உலர்த்த வேண்டும் என்பதையும் அவரே நினைவூட்டினார். இல்லையேல் முதல் சலவையில் இடுப்புச் சுருங்கி, வைத்த அளவெல்லாம் வீணாகும். பட்டுப் பாவாடையை மட்டும் இந்த முறையிலிருந்து விலக்கலாம். ஆண்டில் சில நாளே உடுத்துவது, காஜா எடுத்துத் துணியை வெட்டுவது பாவம். அதற்குத் துணி வளையமும் பித்தளைக் கொக்கியும் தகும்.

பொத்தான் எதனால் ஆனதாக இருக்கலாம்? பிளாஸ்டிக் பொத்தான் மலிவு. ஆனால் சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் சில இளகிவிடுகின்றன. தேங்காய்ச் சிரட்டையில் பொத்தான் செய்யலாம், செய்தும் வருகிறார்கள். ஓட்டை வட்டமாக அறுத்து, துளையிட்டு, தேய்த்து மெருகிட வேண்டும். சிரட்டை வளைந்திருப்பதால் பெரிய பொத்தான் தட்டையாக வராது. அரை அங்குலப் பொத்தானுக்கு வளைவு தடையாகாது. விளிம்பை நன்றாகத் தேய்க்காவிட்டால் தைத்த நூலையும் காஜாவையும் அறுத்துவிடும் என்பது கவனிக்கத்தக்கது. தென்னை பயிரிடும் நம் அங்கத்தினர்கள் சிரட்டையை அடுப்புக்கும் கரிக்கும் கொடுத்து வருகிறார்கள். அதில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கிப் பார்க்கலாம். பெரிய லாபம் வரும் என்று ஆசை காட்ட நாம் விரும்பவில்லை. பொத்தானுக்கு ஒரு சங்கமும் பாவாடைக்கு ஒரு சங்கமுமாக இரண்டு மாதம் நடத்திப் பார்த்தால் கணக்குத் தெரிந்துவிடும்.

இவ்வாறு தைக்கும் பாவாடைக்குக் கொக்கிப் பாவாடையைவிடக் கூலி அதிகம் ஆகும். பொத்தான் நான்கு, உட்புறம் தைத்துக் கொடுக்கும் உபரிப் பொத்தான் ஒன்று, காஜா இரண்டு. காஜாவைக் கையால் எடுப்பதற்கு நேரம் பிடிக்கும், கண்ணும் வலிக்கும். அந்தக் கூலியைக் குறைத்து இந்தப் பாவாடையை மலிவாக விற்க எந்தச் சங்கமாவது முனைந்தால், அவசரத்தில் எடுத்த காஜா பிரிந்து, மூட்டை மறுபடி அதே மூலைக்கு வந்து சேரும். விலையைச் சிறிது உயர்த்தி, ஏன் உயர்ந்தது என்று வாங்க வருகிறவர்களிடம் பட்டியைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். வளரும் பிள்ளைக்கு இன்னும் ஓராண்டு வரும் என்றால் எந்தத் தாயும் கணக்குப் போட்டுக்கொள்வாள்.

கூலிப் பிடித்தம் பற்றியும் ஒரு வார்த்தை. தையல் பிரிந்தால் தைத்தவரைக் கேட்கலாம். பொருளைத் தேர்ந்தது குழு. தேரச் சொன்னது நாம். அந்த நஷ்டத்தை நாளுக்கு இத்தனை பாவாடை என்று எண்ணிக் கூலி வாங்கும் பெண்களின் தலையில் வைப்பது கூட்டுறவுக்கு அடுத்ததல்ல. நமது பழைய குறிப்பை வாபஸ் பெற்று, பிடித்த தொகையை வியாபார நஷ்டத்தில் எழுதிப் பெண்களுக்குத் திருப்பித் தரலாம் என்று புதிய குறிப்பு அனுப்பியுள்ளோம். வரும் கூட்டத்தில் அது பொருள் நிரலில் இடம்பெறும் என்று காரியதரிசி தெரிவித்திருக்கிறார். குழுவில் இருவருக்கு அதில் சம்மதம் இல்லை என்றும் கேள்விப்படுகிறோம். அந்த இருவரும் கூட்டத்துக்கு வரும்போது, வீட்டில் பள்ளிக்குப் போகும் பெண் குழந்தை இருந்தால், அதன் பாவாடை ஒன்றைக் கையோடு கொண்டுவரும்படி கேட்டுக்கொள்கிறோம்.