பழவேற்காடு: பாடு இல்லாதவர்களின் உரிமை

பழவேற்காடு ஏரியைப் பற்றிய விவாதங்களில் இரு தரப்புகளே கண்ணுக்குத் தெரிகின்றன. ஒன்று, 1980-இல் அறிவிக்கப்பட்ட பறவைகள் சரணாலயத்தையும் அங்கு வந்திறங்கும் பூநாரைகளையும் காக்க வேண்டிய வனத்துறை. மற்றொன்று, காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை எதிர்க்கும் மீனவக் கிராமங்கள். இரண்டின் கவலையும் நியாயமானதே. ஆயினும், இரண்டிலும் கணக்கில் வராத மக்கள் அதே நீரில் நின்றுகொண்டிருக்கின்றனர்.

ஏரியில் யார், எங்கே, எந்நாளில் வலை விரிப்பது என்பதைத் தீர்மானிப்பது ‘பாடு’ முறை. மீன்பிடிப் பரப்பை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் இவ்வழக்கம், பொதுவளத்தைப் பேராசையின்றிக் காத்த மரபு எனப் புகழப்படுகிறது. புகழட்டும். பாட்டில் இடம்பெற முதல் தகுதி பிறப்பு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பெரும்பாலும் பட்டினவர் குலத்து ஆண் தலைக்கட்டுகளுக்கே அங்கு உரிமை. ஏரியை அண்டி வாழும் தலித் மீனவர்கள் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டுள்ளனர். இருளர்களோ ஆழமற்ற நீரில் சேற்றைத் துழாவி வெறுங்கையால் இறால் பிடிக்கின்றனர். பிடித்ததை இட்டுவைக்கும் பறியைப் பற்களால் கவ்விக்கொள்கின்றனர். வலையில்லை, படகில்லை, பாடுமில்லை. இறால் குறைந்தால் அவர்களுக்கு எஞ்சுவது முன்பணக் கூலி. செங்கற்சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் இருளர்கள் கொத்தடிமைகளாக மீட்கப்பட்ட செய்திகள், திருப்பாச்சூர்ப் பக்கத்திலிருந்து எழுதும் நமக்குப் புதியவை அல்ல.

சரணாலய எல்லையும் உரிமைகளும் வரையறுக்கப்படும்போது அரசு யாரை ‘மீனவர்’ எனக் கொள்ளும்? பாட்டுப் பட்டியலை மட்டும் நம்பினால், சாதி விலக்கு அரசு ஆவணமாகிவிடும்.

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சரணாலயங்களுக்கும் பொருந்தும். நீர்நிலைகளின் மீன்வளத்தின் மீதான சமூக உரிமையையும் அது ஏற்கிறது. பழங்குடிகளான இருளர்கள், 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே அங்கு வாழ்ந்து அவ்வளத்தைச் சார்ந்திருந்ததைக் காட்டினால் போதும். தலித் மக்கள் ‘பிற மரபுவழி வனவாசிகள்’ என்ற வகையிலேயே கோர முடியும். அதற்கு மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு வாழ்வை நிறுவ வேண்டும். தலைமுறைகளாகப் பட்டா மறுக்கப்பட்டோரிடம் 75 ஆண்டுப் பழைய தாளை எதிர்பார்ப்பது கொடுமை. எனினும், ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுதிப் பதிவு செய்தால் அதுவும் சான்றே என்று அச்சட்டத்தின் விதிகள் கூறுகின்றன.

கிராம சபைகள் இந்த வாக்குமூலங்களை உடனே பெற வேண்டும். தலித், இருளர் குடியிருப்புகளுக்கே சென்று, பெண்களிடமும் கேட்டு, அவர்கள் இறால் பிடிக்கும் இடங்களை வரைபடத்தில் குறித்துத் தருமாறு மாவட்ட ஆட்சியர் ஆணையிட வேண்டும். எல்லைக்கல் நட்டபின் நடத்தும் விசாரணையால் பயனில்லை.