எத்தனை வீடுகள்? எது நம் வீடு?

 

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடையில் இருப்பு எடுக்கும் கணக்கல்ல. பிறந்தது முதல் இன்று வரை நீங்கள் எத்தனை வீடுகளில் வாழ்ந்திருக்கிறீர்கள் என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்.

தாயின் கருவறை முதல் வீடு. அடுத்து, கண் விழித்துப் பார்த்த உம்மாவின் வீடு. பாகம் பிரிந்தபோது வாப்பா கைபிடித்துக் கூட்டிச் சென்ற வாடகை வீடு. ஓதப் போன இடத்தில் மதரஸா விடுதி. பிழைக்கப் போன இடத்தில் கடைக்கு மேலே பாய் விரித்த மாடி. பிறகு துபையிலோ ஜித்தாவிலோ அடுக்குக் கட்டில் போட்ட அறை. நிகாஹ் முடிந்ததும் சில ஊர்களில் பெண் வீடு. எல்லாம் முடிந்து, தலை நரைக்கும்போது, சொந்த வீடு.

எட்டோ ஒன்பதோ வரும். இப்போது இரண்டு கேள்விகள். இவற்றில் எந்த வீட்டுக்காக நீங்கள் அதிகம் உழைத்தீர்கள்? எந்த வீட்டில் அதிக நாட்கள் நிம்மதியாக உறங்கினீர்கள்? இரண்டு கேள்விக்கும் ஒரே விடை வருகிறதா? பெரும்பாலோருக்கு வராது. அதைப் பற்றித்தான் இந்த இதழில் உங்களோடு பேச விரும்புகிறோம்.

அண்ணலார் வாழ்ந்த வீடுகள்

வீடு மாறுவது இழிவல்ல. நபி (ஸல்) அவர்களின் வாழ்க்கையையே எடுத்துக் கொள்ளுங்கள். தந்தையைக் காணாமலேயே பிறந்தார்கள். ஹலீமா அம்மையாரின் கூடாரத்தில் பால் குடித்து வளர்ந்தார்கள். ஆறு வயது வரை தாய் ஆமினா, அடுத்த இரண்டாண்டுகள் பாட்டனார் அப்துல் முத்தலிப், அதன்பின் பெரிய தந்தை அபூதாலிப் என்று மூன்று பேரின் நிழலில் வளர்ந்தார்கள். கதீஜா (ரலி) அவர்களை மணந்தபின் அவர்களோடு வாழ்ந்தார்கள். ஊர்விலக்கு செய்யப்பட்ட நாட்களில் அபூதாலிப் கணவாய். ஹிஜ்ரத் செய்து மதீனா சென்றதும் அபூ அய்யூப் அல் அன்சாரி (ரலி) அவர்களின் வீட்டில் சில மாதங்கள் விருந்தாளி. அதன்பிறகுதான் பள்ளிவாசலை ஒட்டிய சிறு அறைகள்.

அந்த அறைகள் எப்படி இருந்தன? இளைஞனாக இருந்தபோது அவற்றுக்குள் நுழைந்தால் கூரையைக் கையால் தொட முடிந்தது என்று ஹஸன் பஸரீ (ரஹ்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அரபு நாடே காலடிக்கு வந்த பிறகும் அந்தக் கூரை உயரவில்லை!

மக்கா வெற்றியின்போது நடந்ததைக் கவனியுங்கள். "எங்கே தங்கப் போகிறீர்கள்?" என்று உஸாமா (ரலி) கேட்கிறார்கள். அகீல் நமக்கு ஏதாவது வீட்டை விட்டு வைத்திருக்கிறாரா என்ற கருத்தில் நபியவர்கள் பதில் சொன்னதாக புகாரியில் இருக்கிறது. பிறந்த ஊருக்கு வெற்றி வீரராக நுழைகிறார்கள். குடும்பத்து வீடு கைமாறிப் போயிருக்கிறது. பத்தாயிரம் பேர் கொண்ட படை பின்னால் நிற்கிறது. யாருடைய வீட்டையும் பறிக்கவில்லை. கூடாரம் அடித்துத் தங்கினார்கள்.

இரண்டு மாதம் வாழ்வதற்கு இருபத்தெட்டு வருடமா?

இப்போது நம் நிலைமைக்கு வருவோம். ஒருவர் இருபத்தி மூன்று வயதில் வளைகுடாவுக்குப் போகிறார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாத விடுப்பு. ஐம்பத்தொரு வயதில் திரும்பி வருகிறார். இருபத்தெட்டு வருடத்தில் பதினான்கு விடுப்பு; இருபத்தெட்டு மாதம். ஒரு வீட்டைக் கட்டுவதற்காக இருபத்தெட்டு வருடம் உழைத்தவர், தன் குடும்பத்தோடு வாழ்ந்தது மொத்தமே இரண்டு வருடம் நான்கு மாதம்! மீதி இருபத்தைந்து வருடம் எட்டு மாதத்தையும் ஆறு பேர், எட்டு பேர் படுக்கும் அறையில் ஒரு கட்டிலில் கழித்திருக்கிறார்.

அந்த அறைகள் எப்படிப்பட்டவை என்பது 2024 ஜூன் 12 அன்று உலகத்துக்குத் தெரிந்தது. குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடத்தில் அதிகாலையில் தீப்பிடித்தது. இந்தியர்கள் மட்டும் 45 பேர் இறந்தார்கள். அவர்களில் 7 பேர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். தீ மதம் பார்க்கவில்லை. ஊரிலே ஒரு வீடு எழும்ப வேண்டும் என்பதற்காகத்தான் அந்த அறைகளில் அவர்கள் படுத்திருந்தார்கள்.

ஒருவர் சம்பாதிக்கப் போவதை நாம் குறை சொல்லவில்லை. வியாபாரத்துக்காகக் கடல் கடந்த சமுதாயம் நாம். ஆனால் அவரை அத்தனை வருடம் அங்கே கட்டிப் போட்டது எது? அவர் வாழ்வதற்கான வீடா? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள்!

கைக்கூலியாக ஒரு வீடு

இளைஞர்களே! இந்தப் பகுதி உங்களுக்காக.

நம் கடற்கரை ஊர்கள் சிலவற்றில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் நிகாஹ் நடத்த வேண்டும் என்பது எழுதாத சட்டமாக இருக்கிறது. மற்ற ஊர்களில் அதுவே நகையாகவும் ரொக்கமாகவும் உருமாறி வருகிறது. மூன்று பெண் பிள்ளைகளைப் பெற்றவர் மூன்று வீடு கட்ட வேண்டும். மூத்தவளுக்குக் கட்டி முடிக்கும்போது இளையவளுக்கு வயது வந்துவிடுகிறது. நிலம் விலை போகிறது, நகை அடகுக்குப் போகிறது, முடிவில் வட்டிக்காரன் வாசலுக்கு வருகிறான். அல்லாஹ்வும் அவனது தூதரும் போர் அறிவிப்புச் செய்த வட்டிப் பணத்தில் செங்கல் வாங்கி, அந்த வீட்டுக்குள் பிஸ்மில்லாஹ் சொல்லி நுழைகிறோமே, இது எந்த மார்க்கம்?

"நாங்கள் கேட்கவில்லை, அவர்களாகப் பிரியப்பட்டுக் கொடுத்தார்கள்" என்பார்கள். வீடு கொடுக்காத வீட்டில் பெண் கேட்டுப் போனீர்களா என்று கேளுங்கள். பதில் வராது!

மார்க்கம் என்ன சொல்கிறது? இத்தா இருக்கும் பெண்களையே உங்கள் வசதிக்கேற்ப நீங்கள் குடியிருக்கும் இடத்தில் குடியமர்த்துங்கள், அவர்களை நெருக்கடிக்கு உள்ளாக்காதீர்கள் என்று அல்லாஹ் ஆண்களுக்குக் கட்டளையிடுகிறான் (அல்குர்ஆன் 65:6). தலாக் சொல்லப்பட்டவளுக்கே இருப்பிடம் தருவது கணவனின் கடமை என்றால், மணமுடித்து அழைத்து வருகிறவளுக்கு யார் கடமை? அவளுடைய வாப்பாவின் கடமையா? ஃபாத்திமா (ரலி) அவர்களை மணக்க வந்த அலீ (ரலி) அவர்களிடம் பெரிய சொத்து எதுவும் இல்லை. இருந்த கவசத்தை மஹராகக் கொடுத்துத்தான் மணந்தார்கள். கொடுத்தவர் மணமகன், வாங்கியவர் மணமகள்!

நாட்டுச் சட்டத்துக்கு வந்தாலும், 1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் கொடுப்பதையும் வாங்குவதையும் குற்றம் என்கிறது. நம் மஹரை அந்தச் சட்டம் வரதட்சணையில் சேர்க்கவில்லை. ஆக, மார்க்கம் அனுமதித்ததைச் சட்டமும் அனுமதிக்கிறது. மார்க்கம் தடுத்ததைச் சட்டமும் தடுக்கிறது. இரண்டையும் மீறுவது நாம் மட்டும்தான்.

இன்னொரு அநீதியும் இதற்குள்ளே ஒளிந்திருக்கிறது. ஒரு மகளுக்கு வீட்டை எழுதிவிட்டு மற்றவர்களுக்குக் கையை விரிக்கும் தகப்பன்மார் உண்டு. கல்யாணத்துக்குச் செலவழித்ததைச் சொல்லிக் காட்டி, வாப்பா மவுத்தான பிறகு அக்கா தங்கையின் பங்கைத் தராமல் வீட்டை வளைத்துப் போடும் அண்ணன் தம்பிகளும் உண்டு. தன் பிள்ளைகளில் ஒருவருக்கு மட்டும் அன்பளிப்புக் கொடுத்துவிட்டு அதற்குச் சாட்சியாக இருக்கும்படி கேட்ட பஷீர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் சாட்சி சொல்ல மறுத்துவிட்டார்கள் (புகாரி, முஸ்லிம்). சீதனம் வாரிசுரிமைக்கு ஈடாகாது. சொத்து சிறிதோ பெரிதோ, பெண்களுக்கும் பங்கு உண்டு என்பது அல்லாஹ் விதித்த பங்கு (அல்குர்ஆன் 4:7).

வீடு ஓர் அருள், ஓர் உரிமை

அப்படியானால் வீடே வேண்டாம் என்கிறோமா? இல்லை. உங்கள் வீடுகளை உங்களுக்கு அமைதி தரும் இடமாக ஆக்கியிருப்பதைத் தன் அருட்கொடையாகவே அல்லாஹ் சொல்லிக் காட்டுகிறான். அதே வசனத்தில், பயணத்தின்போது எளிதாகத் தூக்கிச் செல்லும் தோல் கூடாரத்தையும் சேர்த்தே சொல்கிறான் (அல்குர்ஆன் 16:80). கல் வீடும் அருள், கூடாரமும் அருள். உயரமோ பளிங்குத் தரையோ அங்கே பேசப்படவில்லை. அமைதிதான் பேசப்படுகிறது.

அந்த அமைதியைப் பறிப்பது எவ்வளவு பெரிய கொடுமை என்பதைத் தமிழ் பேசும் முஸ்லிம்கள் அனுபவித்தே அறிந்திருக்கிறார்கள். 1990 அக்டோபரில் இலங்கையின் வடக்கு மாகாணத்திலிருந்து முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீடுகளைப் பூட்டக்கூட முடியாமல், சுமார் 75 ஆயிரம் பேர் வெறுங்கையோடு வெளியேறினார்கள். பெரும்பாலோர் புத்தளத்தில் ஓலைக் கொட்டகைகளில் ஒதுங்கினார்கள். 2009-இல் போர் முடிந்து திரும்பிப் போனவர்களில் பலர் பார்த்தது வீட்டையல்ல. கூரையில்லாத சுவர்களையும் அதற்குள் வளர்ந்து நின்ற மரங்களையும்தான்.

நம் நாட்டிலும் சில மாநிலங்களில், குற்றம் சாட்டப்பட்டவர் என்ற ஒரே காரணத்துக்காக வீட்டை இடிக்கும் கொடுமை நடந்தது. வீட்டில் இருக்கும் வயதான தாயும் கைக்குழந்தையும் என்ன குற்றம் செய்தார்கள்? 2024 நவம்பர் 13 அன்று உச்சநீதிமன்றம் இதற்குக் கடிவாளம் போட்டது. ஒருவர் மீது வழக்கு இருப்பதாலோ அவர் தண்டனை பெற்றதாலோ வீட்டை இடிக்க முடியாது. குடியிருக்கும் உரிமை அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவில் அடங்கியது. குறைந்தது 15 நாள் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். மீறும் அதிகாரி தன் பணத்திலிருந்து ஈடு செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

ஆனால் சகோதரர்களே, நோட்டீஸ் வரும்போது காட்டுவதற்கு உங்கள் கையில் என்ன இருக்கிறது? பட்டா இன்னும் பாட்டனார் பெயரில்தானே இருக்கிறது? வரி ரசீது எங்கே? கட்டட அனுமதி வாங்கினீர்களா? பளிங்குக் கல்லுக்கு லட்சம் லட்சமாகக் கொட்டியவர்கள், பத்திரத்துக்காக ஒரு நாள் தாலுகா அலுவலகம் போக மாட்டேன் என்றால், தீர்ப்பு இருந்தும் என்ன பயன்?

என்ன செய்யப் போகிறோம்?

இளைஞர்களே! பெண் வீட்டில் வீடோ நகையோ ரொக்கமோ வாங்க மாட்டேன் என்று உங்கள் பெற்றோரிடம் இன்றே சொல்லுங்கள். ஓர் அறை கொண்ட வாடகை வீடானாலும் என் சம்பாத்தியத்தில் என் மனைவியைக் குடிவைப்பேன் என்று சொல்வதுதான் ஆண்மை.

வியாபாரிகளே! ஒவ்வொரு மஹல்லாவிலும் வட்டியில்லாக் கடன் தரும் நிதி ஒன்றைத் தொடங்குங்கள். நடந்து கொண்டிருந்தால் அதை வலுப்படுத்துங்கள். கூரை ஒழுகும் வீட்டில் இருக்கும் விதவையை வட்டிக்காரன் தேடி வருமுன் நீங்கள் தேடிப் போங்கள். உங்களுக்கு வாடகைக்கு விடும் வீடு இருந்தால், நெருக்கடியில் இருக்கும் குடித்தனக்காரருக்கு அவகாசம் கொடுங்கள். வெளியூரில் முஸ்லிம் என்பதற்காக நமக்கு வீடு மறுக்கும்போது மனம் எரிகிறதல்லவா? அதே எரிச்சலை நாம் இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது. பிற சமயச் சகோதரர் வாடகைக்குக் கேட்டு வந்தால் கதவைத் திறந்து விடுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளே! வரதட்சணை வாங்கும் நிகாஹுக்குப் பதிவேட்டைத் திறக்காதீர்கள். மாதம் ஒரு நாள் பள்ளிவாசல் வளாகத்தில் உட்கார்ந்து, பட்டா மாறுதல், வாரிசுச் சான்றிதழ், வீட்டு வரி முதலியவற்றுக்கு மனு எழுதிக் கொடுக்கப் படித்த பிள்ளைகளை ஏற்பாடு செய்யுங்கள்.

இனி, தொடக்கத்தில் போட்ட கணக்கை முடித்து வைப்போம். சொந்த வீட்டோடு நாம் நிறுத்தினோம். அதற்குப் பிறகும் ஒரு வீடு இருக்கிறது. ஆறடி நீளம், ஜன்னல் கிடையாது. அதற்குப் பத்திரம் வேண்டாம், பாகப் பிரிவினை வராது. நாம் எந்த வீட்டிலிருந்து ஜனாஸாவாகப் புறப்பட்டாலும் போய்ச் சேருவது அங்கேதான். நம் மூன்று மாடியும் வாசலோடு நின்றுவிடும். கூட வருவது நாம் செய்த அமல் மட்டுமே.

அதற்கும் அப்பால் நிலையான வீடு ஒன்று இருக்கிறது. ஃபிர்அவ்னின் மனைவி அரண்மனையில் வாழ்ந்தவர். அந்த அரண்மனை அவருக்கு வீடாகத் தெரியவில்லை. இறைவா, உன்னிடத்தில் எனக்கு ஒரு வீட்டைக் கட்டித் தா என்று சொர்க்கத்தில்தான் வீடு கேட்டார் (அல்குர்ஆன் 66:11). நாமோ அந்த வீட்டைக் கேட்க மறந்து, அடுத்தவன் மகளோடு சேர்த்து அவன் வீட்டையும் கேட்டுக் கொண்டிருக்கிறோம்!

வாழ்ந்து கடக்கும் வீடுகளில் நீதியோடு வாழ்ந்து, நிலையான வீட்டுக்குத் தகுதி பெறும் மக்களாக நம் அனைவரையும் அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.