செப்பும் சீட்டும்

சீட்டுக்கட்டைக் கண்டாலே பெரியோர் சூதென முகஞ்சுளிப்பர். அவ்வச்சம் வீணன்று; 1902இல் எர்ட்னேஸ் என்னும் புனைபெயரில் வெளிவந்த புகழ்பெற்ற சீட்டு வித்தை நூலே சூதாடிகளின் கைத்திறனையும் விளக்கியதுதான். எனினும், வித்தை பயிலும் நம் கோவை மாணவரிடம் என் குறை வேறு. ஒன்றுவிட்டொன்றாக ஒரே சீட்டைச் சற்றே குட்டையாக வெட்டி அடுக்கிய 'ஸ்வெங்காலி' கட்டை விலைக்கு வாங்கிக் கைதட்டல் பெறுகின்றனர். "அதை இப்படிக் கொடுங்க தம்பி" என்று எவரேனும் கைநீட்டினால் வித்தை முடிந்தது!

நம் செப்படி வித்தைக்காரர்க்கு இவ்விக்கட்டு இல்லை. தெருமண்ணில் அமர்ந்து, சூழ நின்றோர் கண்முன்னே செப்புகளையும் உருண்டைகளையும் ஆட்டினர். மறைவெல்லாம் விரலிடுக்கில் இருந்தது. பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் வாழக்குன்னம் நம்பூதிரி செப்பும் பந்தும் கொண்டே புகழ் பெற்றார்.

மாணவர் முதலில் ஒரு நாணயத்தை உள்ளங்கையில் ஒளிக்கப் பழகட்டும். ஓராண்டு கழித்துப் பிறர் கொணரும் கட்டைத் தொடலாம். நாணயத்தைக் கண்டு பெரியோரும் சினவார்.