அணுகுண்டு மோதிரமும் கறுப்புக் கரடியும்

1947-ம் ஆண்டில் அமெரிக்கச் சிறுவர்களுக்கு அணுகுண்டு தபாலில் வந்தது. விலை 15 சென்ட். 'கிக்ஸ்' என்ற சோளப் பலகார டப்பாவின் மேல்மூடியைக் கிழித்துக் காசுடன் சேர்த்து அனுப்பினால், ஒரு மோதிரம் வீட்டுக்கு வரும். மோதிரத்தின் தலையில் குட்டி அணுகுண்டு! அதன் வாலைக் கழற்றிவிட்டு, இருட்டறையில் கண்ணருகே வைத்துப் பார்த்தால் உள்ளே பொறிப் பொறியாக ஒளி தெறிக்கும். அது கண்கட்டு வித்தை அல்ல. பொலோனியம் என்ற கதிர்வீச்சுப் பொருளை உண்மையாகவே துளியளவு உள்ளே வைத்திருந்தார்கள். பொலோனியம் 138 நாளில் பாதியாகக் குறைந்துவிடும். ஆகையால் இன்று அந்த மோதிரத்தை விலை கொடுத்து வாங்குகிறவர் இருட்டில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் ஒன்றும் தெரியாது. ஆனாலும் வாங்குகிறார்கள்.

இப்படிப்பட்ட பழைய பொம்மைகளைத் தேடி அலைகிறவர்கள் மேல்நாடுகளில் பலர். மூழ்கும் கப்பல், சுவரில் மோதி நொறுங்கும் கார், அணு ஆராய்ச்சிப் பெட்டி எல்லாம் அவர்களுக்குப் பொக்கிஷம். "இதையா நம் கையில் கொடுத்தார்கள்!" என்று சிரிக்கிறார்கள். கூடவே அந்த நாளை நினைத்து ஏங்கவும் செய்கிறார்கள். அந்த ஏக்கத்தை நாம் கேலி செய்யமாட்டோம். ஆனால் எல்லாவற்றையும் ஒரே அலமாரியில் அடுக்கிவைத்து, ஒரே சிரிப்பாகச் சிரித்துவிடுவது நமக்குச் சம்மதமில்லை.

கட்டியதை இடிப்பதும் குழந்தைக்கு விளையாட்டுதான். நம் புலவர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் 'சிற்றில்' ஒன்று. "எங்கள் மணல் வீட்டைக் காலால் அழிக்காதே" என்று சிறுமியர் கெஞ்சுவதாக அமைந்த பகுதி அது. எனவே பொம்மையில் அழிவு வந்துவிட்டதே என்று பதற வேண்டியதில்லை. அந்த விளையாட்டில் பிள்ளைக்கு என்ன வேஷம் கொடுக்கிறோம் என்று பார்த்தால் போதும்.

1793-ல் பிரான்சில் கில்லட்டின் என்ற தலைவெட்டும் இயந்திரம் ஓயாமல் வேலை செய்துகொண்டிருந்தது. அதைப் போலவே சிறிய பொம்மை இயந்திரமும் கடைக்கு வந்துவிட்டது. ஜெர்மன் மகாகவி கதே, நாலு வயது நிரம்பப்போகும் தம் மகனுக்கு அதில் ஒன்று வாங்கி அனுப்பும்படி பிராங்க்பர்ட்டில் இருந்த தம் தாயாருக்கு எழுதினார். அம்மையார் முடியாது என்று பதில் எழுதிவிட்டார். அத்தகைய பொம்மையைச் செய்கிறவர்களைத்தான் தண்டிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. கவியை விட்டுப் பாட்டியின் கட்சியில் நாமும் சேருகிறோம். அந்தப் பொம்மை பிள்ளைக்குக் கொடுத்தது கொலையாளியின் வேஷம்.

டைட்டானிக் கப்பலின் கதை வேறு. 1912 ஏப்ரலில் அது மூழ்கி ஏறக்குறைய 1,500 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு ஜெர்மனியின் ஸ்டைஃப் கம்பெனி இங்கிலாந்துக்காகக் கறுப்புக் கரடிப் பொம்மைகள் செய்து அனுப்பியது. கண்ணைச் சுற்றிச் சிவப்புத் துணி. அழுது வீங்கிய கண் போலிருக்கும். ஊரே துக்கம் காத்தபோது பிள்ளையின் கரடியும் துக்கம் காத்தது. அவற்றில் ஒன்று 2000-ம் ஆண்டு லண்டனில் 91,750 பவுனுக்கு ஏலம் போயிற்று.

1970-களில் ஐடியல் கம்பெனி அதே கப்பலை ஒரு பலகை விளையாட்டாக விற்றது. ஆட்டம் நகர நகரப் பலகையில் கப்பல் நீருக்குள் போகும். கப்பலில் தப்பிப் பிழைத்தவர்கள் சிலர் அப்போது உயிரோடிருந்தார்கள். அதை நினைத்தால் மனம் கூசத்தான் செய்கிறது. ஆயினும் ஆடுகிற பிள்ளைக்கு அங்கே என்ன வேலை? பயணிகளைப் படகில் ஏற்ற வேண்டும். உணவும் தண்ணீரும் சேர்க்க வேண்டும். கரடியை மெச்சுகிறவர்கள் இதையும் மன்னித்துவிடலாம்.

1991-ல் டைக்கோ கம்பெனி விற்ற மோதல் பொம்மைகளையும் அப்படியே சொல்லலாம். காரைச் சுவரில் மோதினால் பொம்மையின் கையும் காலும் தனித்தனியே பறக்கும். காரில் இடுப்புவார் கட்டுங்கள் என்று அமெரிக்க அரசு 1985 முதல் செய்த விளம்பரத்தில் பிறந்தவை இவை. பறந்ததைப் பொறுக்கி மாட்டி, வாரைக் கட்டிவிடுவதும் பிள்ளையின் பொறுப்பே.

இனி அணுவுக்கு வருவோம். 1950-ல் கில்பர்ட் கம்பெனி 'யு-238 அணுசக்தி ஆராய்ச்சிக்கூடம்' என்ற பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கம்பெனியின் அதிபர் ஏ.சி. கில்பர்ட் 1908 ஒலிம்பிக்கில் கோலூன்றித் தாண்டித் தங்கம் வென்றவர். பெட்டியின் விலை 49 டாலர் 50 சென்ட். அன்றைய மாற்று விகிதத்தில் ஏறக்குறைய 235 ரூபாய். உள்ளே கதிர்வீச்சை அளக்கும் கெய்கர் கருவி, அணுத்துகள் போகும் தடத்தைக் காட்டும் மேக அறை, குப்பிகளில் நாலு விதமான யுரேனியக் கற்கள். பூமியில் யுரேனியம் தேடுவது எப்படி என்று சொல்லும் புத்தகம் ஒன்று. அணுவைப் பிளப்பதை விளக்கும் சித்திரக் கதை மற்றொன்று. அதற்கு முன்னுரை எழுதியவர், அணுகுண்டுத் திட்டத்தை நடத்திய தளபதி குரோவ்ஸ்!

குப்பியிலிருந்து கல்லை வெளியே எடுக்கக் கூடாது என்று எச்சரிக்கையும் இருந்தது. ஏன் தெரியுமா? கல் உதிர்ந்து துகள் சிதறினால் அறையில் கதிர்வீச்சு கூடி, கருவியின் கணக்குப் பிசகிவிடுமாம்! பிள்ளையின் உடம்பைவிடச் சோதனையின் கணக்கைப் பற்றித்தான் கவலை. குப்பிக்குள் இருக்கும்வரை அந்தக் கற்களால் பெரிய தீங்கு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெட்டி 5,000-க்கும் குறைவாகவே விற்றது. 1951-ல் நிறுத்திவிட்டார்கள். பயந்து நிறுத்தவில்லை, விலைபோகவில்லை, நிறுத்தினார்கள்.

ரஷ்யா 1949-லேயே அணுகுண்டு வெடித்துவிட்டது. அமெரிக்கப் பள்ளிகளில் குண்டு விழுந்தால் மேசைக்கு அடியில் பதுங்குவது எப்படி என்று பழக்கத் தொடங்கியதும் அந்த ஆண்டுகளில்தான். பள்ளியில் நடுங்கிய அதே பிள்ளைக்கு வீட்டில் கிடைத்தது சிரித்த முகத்தோடு ஒரு பெட்டி. அதில் மூழ்குகிறவர் இல்லை, காப்பாற்றுகிறவர் இல்லை, அழுவதற்கு ஒரு கறுப்புக் கரடிகூட இல்லை. இதுதான் நமக்கு விசித்திரமாகப் படுகிறது. பயத்தைக் கையில் கொடுத்த பொம்மைகளைப் பார்த்து ஊர் சிரிக்கிறது. பயமே தெரியாமல் துடைத்துவைத்த பெட்டியைத்தான் அறிவு வளர்க்கும் சாதனம் என்று விற்றார்கள்.

இன்று அந்தப் பெட்டியை வாங்குகிறவர்கள் சாமான்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கிறார்கள். ஒரு குப்பி குறைந்தாலும் விலை இறங்கிவிடும். ஏங்குகிறவர்கள் கூடவே பார்த்து வைக்க வேண்டிய விளையாட்டுச் சாமான் இன்னொன்றும் இருக்கிறது.

1945 ஆகஸ்ட் 6 காலையில் ஹிரோஷிமாவில் மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் வீட்டு வாசலில் மூன்று சக்கர சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தான். குண்டு விழுந்த அன்று இரவே இறந்துபோனான். தூரத்துக் கல்லறையில் அவனைத் தனியே விடத் தகப்பனாருக்கு மனம் வரவில்லை. வீட்டுத் தோட்டத்திலேயே புதைத்து, சைக்கிளையும் உடன் வைத்தார். 40 ஆண்டு கழித்து, 1985-ல் எலும்புகளைக் குடும்பக் கல்லறைக்கு மாற்றுவதற்காகத் தோண்டினார். துருப்பிடித்த சைக்கிள் வெளியே வந்தது. அதை ஹிரோஷிமா அமைதி நினைவுக் காட்சிசாலைக்குக் கொடுத்துவிட்டார்.